துரை வீட்டு ஆள்

ஒரு போட்டோவைக் கொடுத்துவிட்டு வருவதற்காக இங்கிலாந்திலிருந்து தாம்பரத்துக்குப் போனவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டி, பழைய கம்பளியில் சுற்றிய போட்டோ. பெட்டியில் போட்டால் உடையும் என்று விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் "யாரு படம்?" என்று பக்தியோடு கேட்டார். என் முதலாளி என்றேன். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

முதலாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழச்சி. நர்ஸ் படிப்புக்கு இங்கிலாந்து போய், அங்கேயே தலை நரைத்துப்போனவள். ஆஷ்மியர் பிரபு படுக்கையில் விழுந்தபோது அவரைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்குப் போனேன். அவர் காலமான பிறகு, அவர் மனைவியைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டேன். இப்போது மகன்தான் பிரபு. நல்ல மனிதர். நாய்களிடம் காட்டும் அன்பில் பாதியை மனிதர்களிடமும் காட்டுவார், அதுவே அந்த ஊரில் அதிகம்.

பிரபு என்றால் காலையில் எழுந்து கிரீடம் வைத்துக்கொள்வார் என்று ஈப்போவில் இருக்கும் என் தங்கை இன்றைக்கும் நம்புகிறாள். இவர் காலையில் எழுந்ததும் ஒழுகுகிற கூரைக்குக் கீழே வைத்த வாளிகளைப் பார்வையிடுவார். அதற்குப் பிறகு பதவிகள். அந்த மாவட்டத்தில் அவர் ராணியின் பிரதிநிதி. அரச குடும்பத்தில் யாராவது ரயிலில் வந்திறங்கினால், யூனிஃபார்ம் போட்டு இடுப்பில் வாளோடு பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். மாட்டுக் கண்காட்சிக்குத் தலைவர், ஆஸ்பத்திரி நண்பர்கள் சங்கத்துக்குத் தலைவர், சர்ச் மணி அடிப்பவர்கள் சங்கத்துக்குப் புரவலர். சித்தப்பா பிஷப். அத்தை ஒரு இளவரசிக்குத் தோழியாக இருந்தவர். மைத்துனர் பார்லிமெண்டில் இருக்கிறார். ஒன்றுவிட்ட தம்பி கப்பல் கம்பெனியில் டைரக்டர். ஞாயிற்றுக்கிழமை மதியம் இவர்கள் எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் கூடுவார்கள். ஒரு போன் போட்டால் இங்கிலாந்தில் எந்தக் கதவும் திறக்கும். ஆனால் அவர்கள் பேசுவதெல்லாம் மழையைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும்தான்.

இந்தப் பதவிகளில் முக்கால்வாசிக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. கடிதத் தாளின் உச்சியில் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா விட்டுப்போன பதவிகள் ஏராளம். மகன் ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தார். அப்படி விட்டதில் ஒன்று, தாம்பரத்துக்குப் பக்கத்தில் இரும்புலியூரில் இருக்கும் பார்வையற்ற பெண்கள் இல்லம். வெள்ளைக்காரன் ஆட்சியில் மெட்ராஸில் உத்தியோகம் பார்த்த அவருடைய தாத்தா ஆரம்பித்து வைத்தது. அதற்குப் புரவலராக இருப்பதிலிருந்து விலகிவிடுவது என்று முடிவு செய்தார்.

"கடிதம் எழுதினால் மரியாதையாக இருக்காது, லீலா. உனக்கு அவர்கள் பாஷை தெரியும். நேரில் போய் நன்றி சொல்லி, இதையும் கொடுத்துவிட்டு வா" என்றார். 'இது' என்பது, வீட்டு வாசலில் அவரும் இரண்டு நாய்களும் நிற்கும் போட்டோ. பார்வை இல்லாத பெண்களுக்குப் போட்டோவா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. சம்பளம் வாங்குகிற நாக்கு, அடங்கிக்கொண்டது.

மீனம்பாக்கத்தில் இறங்கினால் மழை. இங்கிலாந்து மழை நச்சரிக்கும், ஈப்போ மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். இது இரண்டிலும் சேராத மழை, கோபத்தோடு பெய்துகொண்டே இருந்தது. ஆட்டோ பிடித்தேன். பல்லாவரம் தாண்டியதும் வண்டி முட்டளவு தண்ணீரில் இருமிவிட்டு நின்றது.

"இன்ஜின்ல தண்ணி பூந்துகிச்சிமா. இன்னா பண்றது, ஒரே பேஜாரா கீது" என்றார் டிரைவர். "அப்டியே நேரா நடந்தீன்னா குரோம்பேட்டை டேசன். ரயிலேறிப் பூடு."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, போட்டோவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தேன். பிரபுவின் அத்தை பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். மின்சார ரயிலில் மூச்சுவிட இடமில்லை. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் என் மூட்டையைப் பார்த்துவிட்டு, "கண்ணாடியாமா? குடு, நான் வச்சிக்கிறேன்" என்று பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தாம்பரம் வரை ஆஷ்மியர் பிரபு மல்லிகைப் பூவோடு பயணம் செய்தார். நான் கிழக்குப் பக்கம் இறங்கிவிட்டேன். மேற்குப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்து, படியேறி, படியிறங்கி, டீக்கடையில் ஒதுங்கினேன். அங்கே இட்லிக்கு வடகறி கொடுத்தார்கள். எத்தனையோ வருஷமாக வேகவைத்த உருளைக்கிழங்கு தின்ற வாய்க்கு அது போதும், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான் என்று நினைக்கிறேன்.

இல்லத்தின் வாசலில் ஹெலன் டீச்சர் குடையோடு காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லி. அந்த இல்லத்தை நடத்துகிறவர் அவர்தான். அழுக்குச் சேலையோடு நான் உள்ளே காலை வைத்ததும் கழுத்தில் சந்தன மாலை விழுந்தது. வராந்தாவில் வரிசையாக நின்ற பெண்கள் வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். நான் நன்றி சொல்லி விடைபெற வந்தவள். மாலையைக் கழற்றவும் முடியாமல் போட்டிருக்கவும் முடியாமல் நின்றேன்.

உள்ளே ஹாலில் இரண்டு போட்டோக்கள் மாட்டியிருந்தன. ஒன்று தாத்தா பிரபு, ஒன்று அப்பா பிரபு. அப்பாவின் பக்கத்தில் ஒரு புது ஆணி.

"மூணாவதுக்கு ஆணி அடிச்சு வச்சுட்டோம்" என்றார் ஹெலன் டீச்சர் பெருமையாக. "பெரியவர் தவறினதும், சின்னவர் பொறுப்பு எடுத்துக்கிட்டா போட்டோ வரும்னு தெரியும். அவங்க அப்பா பொறுப்பு எடுத்தப்பவும் அப்படித்தான் வந்துச்சாம்."

போட்டோவை மாட்டுவதற்கு முன்னால் பெண்கள் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். செல்வி என்ற பெண் முதலில் வந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள், அங்கே இருப்பவர்களில் பெரியவள். கண்ணாடி மேல் விரலை ஓட்டினாள்.

"துரை எங்கக்கா இருக்காரு?"

அவள் விரலைப் பிடித்து அவர் மேல் வைத்தேன்.

"நாய்?"

"இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

"கடிக்குமா?"

"சோம்பேறி நாய்ங்க. எழுந்திருக்கவே மாட்டேங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்து கண்ணாடியைத் தடவிவிட்டுப் போனார்கள். அது எல்லா இடத்திலும் ஒரே வழவழப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் ஒருத்தியும் விடவில்லை.

காபி வந்தது. ஹெலன் டீச்சருக்கு அந்தக் குடும்பத்தின் வரலாறு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. பிஷப், இளவரசியின் தோழி, பார்லிமெண்ட் மைத்துனர் எல்லோரையும் சொந்த மாமன் மச்சான் மாதிரி ஒப்பித்தார். எந்த ஆபீஸுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் சொல்வாராம். "சொன்னா உக்கார நாற்காலி போடுவாங்கக்கா. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அதுவே பெரிசு இல்லையா?" என்றார். அந்தப் பிஷப் சாப்பாட்டு மேஜையில் தூங்கி வழிகிறவர் என்பதை நான் சொல்லவில்லை.

பெண்கள் படிக்கப் போனதும், தள்ளிப்போட்டால் இன்னும் கஷ்டம் என்று நான் வந்த காரியத்தைச் சொல்லிவிட்டேன். பிரபு விலகுகிறார், இந்தப் போட்டோ பிரிவுப் பரிசு என்றேன். பணம் காசு எதுவும் அங்கிருந்து வந்து பல காலம் ஆகிறது, பெயர் மட்டும்தானே, அதனால் பெரிய நஷ்டமாக நினைக்க மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஹெலன் டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்கா, அந்தப் பேர்லதான் இந்த இடமே நிக்குது" என்றார்.

பிறகு சொன்னார். இல்லம் இருக்கும் நிலம் அந்தக் காலத்தில் மாந்தோப்பு. இரும்புலியூரில் விவசாயம் செய்த ஒரு குடும்பத்தினுடையது. அந்த வீட்டுப் பெரியவர் தாத்தா பிரபுவிடம் கொடுத்தார். பத்திரம் எழுதவில்லை. தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். வெற்றிலை பாக்கைக் கைமாற்றிவிட்டால் கல்யாணமானாலும் நிலமானாலும் முடிந்தது முடிந்ததுதான், அதற்குப் பிறகு பேச்சு மாறக்கூடாது. 'துரை குடும்பம் இதைப் பார்த்துக்கொள்ளும் வரை நிலம் துரையுடையது, துரை குடும்பம் விட்டுவிட்டால் நிலம் எங்களுக்குத் திரும்ப வேண்டும்' என்பது பேச்சு. சுதந்திரத்துக்குப் பிறகு அப்பா பிரபு ஒருமுறை வந்து, அந்த வீட்டு வாரிசிடம் தாம்பூலம் வாங்கிப் பேச்சைப் புதுப்பித்துவிட்டுப் போனார். இப்போது அந்த வீட்டில் பொறுப்பில் இருப்பவர் பேரன் வேதாசலம். ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமெண்ட், கம்பிக் கடை வைத்திருக்கிறார். வயல்களை மனைகளாகப் போட்டு விற்றவர். இந்த ஒரு இடத்தை மட்டும் தொடவில்லை.

"வியாழக்கிழமை அவர் வீட்ல உங்களுக்கு விருந்து. தாம்பூலம் மாத்தத்தான் கூப்பிட்டிருக்கார். நீங்க அதுக்குத்தான் வர்றீங்கன்னு நான் சொல்லிட்டேன்" என்றார் ஹெலன் டீச்சர்.

மறுநாள், அங்கே விடியட்டும் என்று பொறுத்திருந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் காதர் பாய் என்பவருடைய எஸ்.டி.டி. பூத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போன் போட்டேன். பிரபு ஸ்காட்லாந்துக்கு வேட்டைக்குப் போயிருக்கிறார், வியாழக்கிழமை காலைதான் வருவார் என்று வீட்டு மேற்பார்வைக்காரி சொன்னாள். பறவை சுடப் போன இடத்தில் போன் கிடையாதாம்.

ஹெலன் டீச்சர் அதைக் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார். "நீங்களும் துரை வீட்டு ஆள்தானே அக்கா? அந்த வீட்டுலதான் இருக்கீங்க, அவங்க உப்பைத்தான் சாப்பிடுறீங்க. நம்ம பக்கம் வேலைக்காரங்களும் வீட்டு ஆள் கணக்குதான். நீங்க தாம்பூலத்தை வாங்கிக்கிட்டா போதும். அவருக்குத் தெரியவே வேண்டாம்."

அந்த வீட்டில் நான் பின்வாசல் வழியாகப் போய் வருகிறவள் என்பதை எப்படிச் சொல்வது? பாவம், அவர் நம்பினார். கொஞ்ச நேரம் நானும் நம்பினேன்.

அன்று மத்தியானம் வேதாசலம் மாருதி வேனை எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம், சிரிக்கிற கண். "துரை வூட்டம்மா வந்துகீறாங்கோ, ஊரச் சுத்திக் காட்ட வாணாவா?" என்று எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டார். வண்டலூரில் மிருகக்காட்சி சாலைச் சுவரோரமாக வேனை நிறுத்தினார். உள்ளே போகவில்லை, மழை. தூரத்தில் ஒரு சிங்கம் உறுமியது, மழையில் அதற்கும் சளி பிடித்திருந்த மாதிரி இருந்தது. மறைமலை நகர் வரை ஓட்டிக்கொண்டு போனார். வழி நெடுக மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கற்கள். இங்கிலாந்தில் பிரபுக்கள் நிலத்தை விற்றுக் கூரையைப் பழுது பார்க்கிறார்கள், இங்கே விவசாயிகள் நிலத்தை விற்று மாடி கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"இங்க கார் கம்பெனி வருதாம். இன்னமே இந்தப் பக்கம் ஒரு சாண் நெலம் கெடைக்காது" என்றார் வேதாசலம். பிறகு குரல் தாழ்ந்தது. "எங்க வூட்ல அண்ணந் தம்பிங்கோ நாலு பேருமா. அல்லாரும் அந்தத் தோப்பப் பாத்துகினுதான் கீறானுங்கோ. 'தாத்தா குடுத்த வாக்குடா, துரை வூட்டு ஆளு இருக்கிற வரிக்கும் கை வைக்கக் கூடாது'ன்னு நாந்தான் அடக்கி வச்சிகினு கீறேன். நீங்க வந்துட்டீங்க, எனுக்கும் நிம்மதி."

ஹெலன் டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் விருந்து. வஞ்சிரம் வறுவல், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல் என்று வேதாசலத்தின் மனைவி இலையில் இடமில்லாமல் பரிமாறினார். "நல்லா துன்னுங்கமா, அந்த ஊர்ல இதெல்லாம் எங்க கெடைக்கும்" என்று இன்னொரு கரண்டி ஊற்றினார். ஈப்போவில் அம்மா வைத்த குழம்பின் வாசனை அதே மாதிரிதான் இருக்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கை கழுவி வந்ததும் கூடத்தில் பாய் விரித்திருந்தது. வேதாசலத்தின் அண்ணன் தம்பிகள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள். வேதாசலம் தட்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் ஹெலன் டீச்சர், "வாங்கிக்குங்கக்கா" என்றார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். கை நடுங்கியது.

தட்டு என் விரலில் படுவதற்கு முன்னால் அவர் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். வியாபாரம் செய்கிறவர், நடுங்கும் கையை எத்தனை பார்த்திருப்பார்.

"ஒரு நிமிசம்மா. துரை சொல்லி வாங்குறீங்களா, இல்ல, நீங்களா வாங்குறீங்களா?"

நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்கண்ணனுங்கோ குந்தினு கீறாங்கோ. நாளைக்கு யாரும் ஒரு கொற சொல்லக்கூடாது. வாங்க, போன் போட்டுக் கேட்டுடலாம். துரை வாயால ஒரு வார்த்த வந்துட்டாப் போதும்."

காதர் பாயின் பூத் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு மூச்சு முட்டும். ஹெலன் டீச்சர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே நானும் வேதாசலமும். தட்டைத் துண்டால் மூடிக் கையிலேயே கொண்டுவந்திருந்தார், சரி என்றால் அங்கேயே கொடுத்துவிட. காதர் பாய் நம்பரைச் சுழற்றி, "ரிங்கு போவுதுமா, சத்தமா பேசுங்க" என்று சொல்லிவிட்டு நாகரிகமாக வெளியே போனார். வேதாசலம் குனிந்து ரிசீவரின் மறுபக்கம் காதை வைத்துக்கொண்டார்.

அங்கே காலைச் சாப்பாட்டு நேரம். பிரபுவே எடுத்தார்.

"லீலா! பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? அங்கே நல்ல வெயிலாக இருக்குமே."

"மழை, பிரபுவே."

"இங்கேயும்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தா கொடுத்த வாக்கு, தோப்பு, பெண்கள், தாம்பூலம். லைனில் என் குரலே எனக்குத் திரும்பி வந்து மோதியது. "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். பணம் வேண்டாம், கடிதம்கூட வேண்டாம். பெயர் மட்டும் இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றேன். அந்த வீட்டில் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் நான் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

அந்தப் பக்கம் கரண்டி தட்டில் படும் ஒலி கேட்டது.

"நிலமா? ஐயோ, ஸாரி, லீலா. நிலம் என்று வந்துவிட்டால் அது வக்கீல்கள் பார்க்க வேண்டிய விஷயம். இன்னொரு நாட்டில், எழுத்தே இல்லாத ஒரு நிலத்துக்கு நான் எப்படிப் பெயரைக் கொடுப்பேன்? நாளைக்கு என் பேரனை யாராவது கோர்ட்டுக்கு இழுத்தால்? ரொம்ப ஸாரி. பெயர்தானே என்கிறாய். பெயரைத் தவிர எங்களிடம் இப்போது என்ன மிச்சம் இருக்கிறது, சொல்."

"பிரபுவே, அந்தப் பெண்கள்..."

"உண்மையாகவே ஸாரி. அந்த மனிதரிடமும் நான் ஸாரி சொன்னதாகச் சொல். அவருடைய தாத்தாவுக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்."

அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. போனை வைத்தேன். கண்ணாடிக்கு வெளியே ஹெலன் டீச்சர் இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வேதாசலம் பக்கம் திரும்பினேன்.

"துரை சரின்னுட்டார். தாத்தா காலத்துப் பேச்சு அப்படியே இருக்கட்டும்னு சொன்னார்" என்றேன்.

வேதாசலம் துண்டை எடுக்கவில்லை.

"அம்மா, எனுக்கு இங்கிலீஸ் வராது. ஆனா ஸாரின்னா இன்னான்னு தெரியும். எங்க ஊர்ல பால்காரன் லேட்டா வந்தாலே ஸாரின்றான். துரை அதையே சொல்லிகினு இருந்தாரு."

எனக்கு முகம் சுட்டது. பூத்தில் ஒதுங்க இடமில்லை.

"நீங்க உங்களுக்காவ பொய் சொல்லலன்னு எனுக்குப் பிரியுது" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுவே தாங்க முடியவில்லை. "ஆனா அவரே வாணான்னுட்டாரு. இன்னமே எங்கண்ணனுங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"வாக்கு துரைக்கா, இந்தப் பிள்ளைங்களுக்கா?" என்று கத்திவிட்டேன். வெளியே காதர் பாய் திரும்பிப் பார்த்தார்.

வேதாசலம் யோசித்துத்தான் சொன்னார். "துரைக்குதாம்மா குடுத்தாரு. இந்தப் பொண்ணுங்க அப்ப பொறக்கவே இல்லியே."

கதவைத் திறந்தார். போனுக்கு நான் காசு எடுக்கப் போனபோது என் கையைத் தடுத்துவிட்டு அவரே கொடுத்தார். ஹெலன் டீச்சரிடம் போய், "டீச்சர், பசங்க பரீட்ச முடியட்டும். அது வரிக்கும் யாரும் அங்க காலு வைக்காம நான் பாத்துக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். தட்டை மூடியபடியே எடுத்துக்கொண்டு மழையில் நடந்து போனார். வேனை மறந்துவிட்டுப் போனார் என்று நினைக்கிறேன், அது அங்கேயே நின்றது.

ஹெலன் டீச்சர் என்னைத் திட்டியிருக்கலாம். துரையையாவது திட்டியிருக்கலாம். குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "வழுக்கும், பாத்து வாங்கக்கா" என்று மட்டும் சொன்னார். இரும்புலியூர் வரை லாரிகள் எங்கள் மேல் சேற்றை அடித்துக்கொண்டு போயின. வேறு இடம் பார்க்க முடியாதா என்று கேட்டேன். எல்லாரையும் ஒரே இடத்துல யாரும் சேத்துக்க மாட்டாங்க, ஒவ்வொருத்தியா பிரிச்சு அனுப்பணும் என்றார். சில பெண்களுக்கு வீடே கிடையாது, சிலருக்கு வீடு இருந்தும் கிடையாது என்றார். நூறு கதவைத் திறக்கக்கூடிய குடும்பம் ஒரு கதவைச் சாத்தாமல் இருந்திருந்தாலே போதும். எனக்கு அந்தச் சாப்பாட்டு மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கவிழ்க்க மாட்டேன், அடுத்த வாரம் அதே மேஜைக்குத் தேநீர் கொண்டுபோவேன் என்றும் தெரிந்திருந்தது.

வாசல் வந்ததும் ஹெலன் டீச்சர் நின்றார்.

"பிள்ளைங்ககிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம்க்கா. செல்விக்கு இந்த வருஷம் பப்ளிக் பரீட்சை. கேட்டா ஒடஞ்சு போயிடுவா. முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்."

உள்ளே சாயந்திர டிபன் முடிந்து தட்டுகள் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் காலடி கேட்டதும் சத்தம் நின்றது. துரையோடு பேசப் போயிருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லோரும் ஹாலுக்கு வந்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே செல்வி முன்னால் வந்தாள்.

"துரை பேசினாராக்கா?"

"பேசினார்."

"என்ன சொன்னாரு?"

ஹெலன் டீச்சர் சமையலறைப் பக்கம் போய்விட்டார். பூத்தில் கைகொடுக்காத பொய் இங்கே தானாக வந்தது. குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

"உங்க எல்லாரையும் நல்லா படிக்கச் சொன்னார். பரீட்சையில நல்ல மார்க் வாங்கணும்னார்."

"எங்களைக் கேட்டாரா?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"ஒவ்வொருத்தரையும் கேட்டார்."

கை தட்டினார்கள். கூரைத் தகரத்தின் மழைச் சத்தத்தையும் மீறித் தட்டினார்கள். செல்வி தடவிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். அவள் கை சோப்பு வாசனையோடு ஜில்லென்று இருந்தது.

"ஊருக்குப் போனதும் துரைக்கு எங்க தேங்க்ஸைச் சொல்லிடுங்கக்கா. மறக்காம சொல்லுவீங்கல்ல?"

சொல்கிறேன் என்றேன்.